பன்னிரண்டு சுற்று

அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. குளோரின் தெறித்த இடங்கள். “சட்டைக்கு அம்மை போட்டிருக்கு” என்பாள் மனைவி. தெருவில் அவருக்குப் பெயரே குளோரின்தான். முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

பிளம்பராகத் தொடங்கியவர். மொட்டைமாடித் தொட்டிகளில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்த பிறகு நீச்சல்குளங்களுக்கு வந்தார். ஒரு காலத்தில் பதினோரு வீடு. சிலர் குளத்தை மூடிவிட்டுக் கார் நிறுத்தினார்கள். சிலர் கம்பெனி ஆட்களை வைத்துக்கொண்டார்கள். மிஞ்சியது மூன்று. அதில் இரண்டுக்கு வாரம் ஒருமுறை போனால் போதும். ஒன்றுக்கு மட்டும் தினம் காலை ஆறரைக்குப் போவார்.

அது ஒரு அம்மாவின் வீடு. எழுபத்து நான்கு வயது. கணவர் கட்டிய குளம், அவர் போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. தரையில் இரண்டடி வைக்க மகள் தாங்க வேண்டும். மார்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் தானாக நடப்பார். டாக்டரே வந்து பார்த்துவிட்டு, இதை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிப் போனார்.

குளோரின் அதற்காகச் சுவரோரம் ஒரு நைலான் கயிறு கட்டியிருந்தார். கைக்கு எட்டும் தூரத்துக்கு ஒரு முடிச்சு. அம்மா இடது கையால் முடிச்சு மாற்றி முடிச்சு பிடித்துப் போவார், திரும்புவார். அவர் மேலே நின்று நீண்ட வலையால் இலைகளை அள்ளியபடி எண்ணுவார்.

“பத்து ஆச்சா தம்பி?”

“ஒன்பதும்மா.”

“எண்ணத் தெரியாத ஆள்கிட்ட வந்து மாட்டிக்கிட்டேன் பாரு.”

பன்னிரண்டு முடிந்ததும் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். “தண்ணிக்குள்ள எனக்கு நாப்பது வயசு. இந்தப் படியேறினா எழுபத்தி நாலு” என்பார். தினமும் சொல்வார். குளோரின் தினமும் சிரிப்பார்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. குளத்தில் மட்டும் நாளுக்கு இரண்டு விரல்கடை தண்ணீர் குறைந்தது. எங்கோ கசிவு. மட்டம் இறங்க இறங்க, தண்ணீரை வடிகட்டும் மோட்டார் காற்றை இழுத்தது. மோட்டாரை நிறுத்தினார். நான்காம் நாள் தண்ணீர் பச்சையானது. அம்மா இறங்குவது நின்றது.

மகள் போனில் தேடி ஆட்களை வரவழைத்தாள். முதல் ஆள் குளத்தைப் பார்க்காமலே எல்லா ஓட்டையும் பசையில் அடங்கும் என்றான். இரண்டாவது ஆள் எல்லா டைல்ஸையும் பெயர்க்கச் சொன்னான். மூன்றாவது ஆள் இளைஞன், கம்பெனி சட்டை போட்டவன். மண்ணைக் குத்திப் பார்த்தான்.

“இப்ப தண்ணியை எடுக்கக் கூடாதுங்க. மண்ணு பூரா தண்ணி நிக்குது. குளம் காலியானா, அடியில இருக்கற தண்ணி மொத்தத் தொட்டியையும் மேல தூக்கிடும். மூணு வாரம் போகட்டும்.”

“மூணு வாரம் அம்மா நடக்காம உக்காந்திருக்கணுமா?” என்றார் குளோரின்.

“அடியில வால்வு இருக்கா? அது நல்லா இருந்தா பரவாயில்ல. வெளித் தண்ணி உள்ள வந்துடும், தொட்டி தூக்காது.”

“இருக்கு. என் கையால மாட்டினது. உனக்கு மீசை முளைக்கறதுக்கு முன்னாடி.”

இளைஞன் கிளம்பினான். “பூச்சாண்டி காட்றான்” என்றார் குளோரின். மகள் வாசலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, நீங்களே செய்யுங்க அண்ணா” என்றாள். அம்மா நாற்காலியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கால் ஏற்கெனவே மரக்கட்டை மாதிரி ஆகத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காலை பம்ப் வைத்தார். சாயங்காலம் குளம் காலி. குழாய் வாயருகே மயிரிழை விரிசல். அடைத்தார். காய இரண்டு நாள் வேண்டும். “புதன்கிழமை நடக்கலாம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு மழை கொட்டியது.

காலையில் வந்தபோது ஓரக் கற்கள் புடைத்துக்கொண்டு நின்றன. ஆழமான பக்கம் ஒரு முழம் எழும்பியிருந்தது. நடுவில் டைல்ஸ் நீளவாக்கில் வெடித்து, வெடிப்பில் சேற்றுத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. கயிறு வெறும் சுவரில் தொங்கியது.

குளோரின் உள்ளே இறங்கினார். வால்வின் வலை மூடி தெறித்துக் கிடந்தது. கலங்கல் தண்ணீருக்குள் கைவிட்டுத் தடவினார். துவாரம் இல்லை. வழவழப்பாகச் சிமெண்ட். அதில் நான்கு விரல் இழுத்த தடம். தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தார். பொருந்தின.

அப்போதுதான் நினைவு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், அம்மா நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த சமயம். வால்வு வழியாக மண் கசிந்து குளம் கலங்கிக்கொண்டே இருந்தது. அம்மா வீடு திரும்பி முதல் தடவை இறங்கும்போது தண்ணீர் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்று, யாரையும் கேட்காமல், குளோரின்தான் அதை அடைத்தார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மேலே மூடியைப் போட்டார். மறந்தே போனார்.

பத்து மணிக்கு இளைஞன் வந்து எட்டிப் பார்த்தான். “மிதந்துடுச்சு. இனி இடிச்சு மூட வேண்டியதுதான்.” நான் சொன்னேனே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் குளோரினுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

மகள், “மழையை யார் என்ன பண்ண முடியும்? மனசை விட்டுடாதீங்க அண்ணா” என்று சொல்லிவிட்டு அவனை வழியனுப்பப் போனாள்.

குளோரின் சேற்றுக் காலோடு நாற்காலி அருகே வந்து நின்றார்.

“மழை இல்லம்மா. அடியில ஒரு வால்வு. அது திறந்திருந்தா தூக்கியிருக்காது. அதை முன்னாடியே சிமெண்ட் வச்சு…”

அம்மா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் வலது முட்டியைத் தடவியபடி.

“நான்தானே அடைக்கச் சொன்னேன்” என்றார். “மறந்துட்டியா? தண்ணி கலங்குது, எதையாவது வச்சு அடைன்னு நான்தான் சொன்னேன்.”

அந்த நாற்பது நாளும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. ‘தம்பி’ என்று சொல்லவே ஐந்து மாதம் ஆனது. அந்த முதல் தம்பியைக் கேட்டவர் குளோரின்தான், தண்ணீரின் ஓரத்தில் வலையோடு நின்று.

மகள் வாசலிலிருந்து திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“ஆமாம்மா” என்றார் குளோரின்.