கற்குவியல் என்று நைனா எழுதிய இடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அப்பாவை, எங்கள் நைனாவை, சர்வேயராகத்தான் தெரியும். ‘அளவில் பிசகாதவர்’ என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். காரணம் வேறு. அதை எல்லாருக்கும் சொல்லும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டார்.

நைனா நாகலாபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரில், வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டு ஆதரவில் படித்தார். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு. இரண்டையும் பிழையில்லாமல் எழுதுவார். அதுவே அவருக்குச் சென்னை ராஜ்யத்தில் சர்வே வேலையை வாங்கித் தந்தது. ஆந்திரம் தனி மாநிலமான பிறகும் எல்லைத் தகராறு சில ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் எங்கள் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்துக்கு என்று முடிவானபோது, ஒப்படைக்க வேண்டிய நிலங்களைச் சரிபார்க்க நைனாவைப் பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கங்கம்மா என்பவர்தான் புதருக்குள் மறைந்துகிடந்த அந்த இடத்தைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு கற்சுவர்கள், நடுவே குறுகலான ஆழப் பள்ளம், மேலே ஓடையிலிருந்து இறங்கி வரும் கல் வாய்க்கால். சுவர்களின் உச்சியில் எதிரெதிராக இரண்டு பெரிய கற்கள். இரும்பு அச்சு சுழன்று சுழன்று அவற்றில் வழவழப்பான குழி விழுந்திருந்தது. சுற்றிலும் பச்சை படர்ந்த கல் சில்லுகள்.

“இன்னாம்மா இது?” என்று கேட்டார் நைனா.

“செம்பு தோண்டுன எடம் சாமி. மேல இருந்து தண்ணி உழுந்தா பெரிய சக்கரம் சுத்துமாம். அது சுத்த சுத்த இரும்பு ஒலக்கைங்க தானா கல்ல இடிக்குமாம். எங்க மாமனாரோட தாத்தா இங்க வேலை செஞ்சவரு. சக்கரத்துல மாட்டிக்கினு ஒரு கையே பூட்ச்சு அவருக்கு. யாரும் கண்டுக்கல. நீயாவது எழுதி வை சாமி.”

“எழுதறேம்மா” என்றார் நைனா. இரண்டு நாள் அங்கேயே இருந்து, வாய்க்காலின் வாட்டம் முதல் அச்சுக் குழியின் அகலம் வரை அளந்து தாளில் வரைந்தார்.

பதிவேட்டில் ஏற்றும் நாள் வந்தது. பழைய கட்டுமானம் என்று எழுதினால் இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து வந்து பார்க்க வேண்டும். அதுவரை நைனா முகாமை விட்டு நகர முடியாது. அன்று காலையில்தான் வீட்டிலிருந்து ஆள் வந்திருந்தது. அம்மாவுக்கு வலி எடுத்து இரண்டு நாளாகியும் பிரசவமாகவில்லை. முன்பே இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அம்மா. நைனா ‘கற்குவியல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அன்று பிறந்தவள் நான்.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். பதிவேடு கைமாறியது. நைனாவும் ஆந்திரப் பணிக்கு மாறிப் பலமனேருக்குப் போனார். புது அலுவலகத்தில் போய், தப்பாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயந்தார். இன்று நாளை என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கடைசியில் மனம் கேட்காமல் லீவு போட்டுவிட்டு அங்கே போனபோது, கடப்பாறையால் சுவர்களைப் பெயர்த்து ரோட்டுக்கு ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். நைனா ஓடிப்போய் மறித்தார்.

“ஆர்டர் கீதுங்க ஐயா” என்று மேஸ்திரி ஒரு காகிதத்தை நீட்டினார். “பாருங்க, கல்லுக் குவியல்னுதான் போட்டுக்கீறாங்க.”

அது பதிவேட்டின் நகல். அடியில் நைனாவின் பெயர்.

சற்றுத் தள்ளி ஆடுகளோடு நின்றிருந்த கங்கம்மா கேட்டார்: “நீதான சாமி அளந்துக்கினு போன? எழுதலியா?”



அதன் பிறகு நைனா நேர்மையாக வாழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். மூன்று பெண்களைப் படிக்க வைத்தார். நிலத் தகராறு என்று வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் அளந்து கொடுத்தார். ஓய்வுபெற்ற பின், திருப்பதிக் கல்லூரி ஒன்றின் வரலாற்று விரிவுரையாளர் அம்மையாரைத் தேடிப்போய், அன்று தாளில் வரைந்து வைத்திருந்த அந்தப் படத்தைக் கொடுத்தார். அவரை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கும் போனார். பள்ளம் தூர்ந்து கிடந்தது. “படம் ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. ஒத்துப் பார்க்க ஒரு சுவராவது நின்னிருக்கலாம்” என்றார் அந்த அம்மையார். “தப்பு என்னுதுதாம்மா” என்றார் நைனா.

திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில், “இத நீ எழுதணும்மா” என்றார் என்னிடம். “நீ பொறக்கறியேன்னு ஓடி வந்ததத் தப்புன்னு எழுதாத. அதுக்கப்புறம் ரெண்டு வருசம் பயந்துக்கினு சும்மா இருந்தேன் பாரு, அத எழுது.”

“உடம்பு தேறட்டும் நைனா, எழுதலாம்” என்றேன். தினமும் காலையில் “எழுதிட்டியா?” என்று கேட்டார். இல்லை என்று தினமும் சொன்னேன்.

நைனாவை இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் நர்சம்மாக்களுக்கும், படத்தைப் பத்திரமாக வைத்திருக்கும் விரிவுரையாளர் அம்மையாருக்கும், பாடையைச் சுமந்த பங்காளிகளுக்கும், அழைத்ததும் பஸ் பிடித்து வந்திருக்கும் கங்கம்மாவின் குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார எனக்கு ஒரு மணி நேரம் போதுமாயிருந்திருக்கும். அதை நான் செய்யவில்லை. உங்கள் எல்லார் முன்னிலையிலும் நைனாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

— மூத்த மகள்