பெயரில்லாத பொத்தான்

என் லேப்டாப்பைக் கெடுத்தது நான்தான் என்று அந்த நிறுவனம் இன்றுவரை சொல்கிறது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. திருவனந்தபுரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், நடுவே சுவர் வைத்துத் தடுத்த ஒரு பழைய வீட்டின் பாதியில் வாடகைக்கு இருக்கிறேன். மறுபாதியில் ஒரு மாமி. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லேப்டாப்பில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இருக்கிறது. அது பேசும், நான் கேட்டு வேலை செய்வேன். அது பேசாவிட்டால் லேப்டாப் எனக்கு ஒரு தட்டையான பெட்டிதான்.

அன்று காலை வகுப்புக்குக் குறிப்பு தயாரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரையில் ஏதோ ஒரு அறிவிப்பு ஜன்னல் குறுக்கே வந்தது. என்ன ஜன்னல் என்று மென்பொருளைக் கேட்டால், "பொத்தான்" என்றது. Tab விசையைத் தட்டினேன். மறுபடியும் "பொத்தான்". எது சரி, எது வேண்டாம் என்று பெயர் எழுதி வைக்க அந்த நிறுவனத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஜன்னல் போனால் போதும் என்று ஒன்றை அழுத்தினேன். லேப்டாப் அணைந்து மீண்டும் எழுந்தது. பேச்சில்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன், பத்து நிமிடம் காத்திருந்தேன். மென்பொருள் சிக்கிக்கொண்டால் எப்போதும் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

அந்த நேரத்தில் திரையில், "புதுப்பித்தல் நடக்கிறது, தயவுசெய்து அணைக்காதீர்கள்" என்று எழுதியிருந்திருக்கும். பெரிய எழுத்திலேயே இருந்திருக்கும்.

பிறகு லேப்டாப் எழவில்லை. உள்ளே இருக்கும் குட்டி மின்விசிறி மூன்று விநாடி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டபின் ஒருவன் வந்தான்.

"திரையில் என்ன தெரிகிறது, மேடம்?"

"எனக்குப் பார்வை இல்லை. மின்விசிறி விட்டுவிட்டுச் சுற்றுகிறது. அதைச் சொல்ல முடியும்."

அவன் ஆங்கிலத்தில் கேட்டான்: "வீட்டில் நார்மலாக யாராவது இருக்கிறார்களா?"

"நான் நார்மல்தான். உங்கள் ஜன்னல்தான் நார்மல் இல்லை" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. திரையை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான்.

வேறு வழியில்லாமல் மாமியைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"வெறும் கறுப்பா இருக்குடி. ஒண்ணுமே இல்லை. கேட்டயா, இந்தக் கீபோர்டிலே ஒரு குட்டி லைட் மட்டும் மின்னி மின்னி அணையறது."

போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவன், எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணச் சொன்னான். மாமி ஸ்டாம்ப் எண்ணுகிற மாதிரி வாய்விட்டு எண்ணினாள். கேட்டுக்கொண்டு அவன் தீர்ப்புச் சொன்னான். லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை நிரல் கெட்டுவிட்டதாம். புதுப்பிக்கும்போது பயனர் அணைத்துவிட்டதால் வாரண்டி பொருந்தாதாம்.

"அணைக்காதே என்று உங்கள் லேப்டாப் எனக்குச் சொன்னதா?"

"திரையில் இருக்கும், மேடம்."

மாமி போனைப் பிடுங்கினாள். "ஏன்டா, கண்ணு தெரியாதவளுக்கு எழுதிக் காட்டினா ஆயிடுத்தா?" என்று சுத்தத் தமிழில் கத்தினாள். அவன் போனை வைத்துவிட்டான்.

அவர்களுடைய இணையதளத்தில் இந்த ஊரிலேயே ஒரு சர்வீஸ் சென்டர் இருப்பதாக முகவரி போட்டிருந்தார்கள். அடுத்த நாள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"டீச்சரே, அது பூட்டிப் போயி ரெண்டு கொல்லமாயி. இப்போ இவிடெ ஸ்கேனிங் சென்டரா."

மூடி இரண்டு வருடம். இணையதளத்தில் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. அங்கேயே, ஸ்கேன் எடுக்க வந்தவர்களின் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொச்சி கிளைக்குப் போன் போட்டேன். அவர்கள் வாங்கி பெங்களூருக்கு அனுப்பத்தான் செய்வார்களாம். அங்கே போர்டையே மாற்றுவார்கள், மூன்று வாரம் ஆகும், உள்ளே இருப்பதெல்லாம் அழிக்கப்படும். பதினொரு வருடப் பாடக் குறிப்புகள். காப்பு நகல் கடைசியாக எடுத்தது இரண்டு மாதத்துக்கு முன்னால். அது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ என்று தோன்றும்போதெல்லாம் இரட்டிப்பாகக் கோபம் வந்தது. அவர்கள் சொன்ன பழியை நானே என் மேல் போட்டுக்கொள்ளத் தொடங்கிவிட்டேனே என்று.

மாமி யாரையோ விசாரித்துச் சாலைக் கடைத்தெருவில் ஒரு ரிப்பேர் கடையைக் கண்டுபிடித்தாள். பாத்திரக்கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போக வேண்டும். இருவருமாகப் போனோம். கடைக்காரர் மாமியைப் பார்த்துத்தான், "என்தா பிரஸ்னம்?" என்று கேட்டார்.

"மெஷின் அவளோடது. அவகிட்டே கேளுங்கோ" என்றாள் மாமி.

அவர் உடனே நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என்ன சத்தம் வந்தது, எத்தனை நேரம் காத்திருந்தேன், அணைத்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டார். மூன்று நாளில் என்னிடம் சரியான கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"டீச்சரே, போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. அதிலே சின்ன சிப் ஒண்ணு உண்டு. அதில் எழுதினது பாதியில் நின்னு போயி. திரும்ப எழுதணும்." எழுதுவதற்கான கோப்பை நிறுவனம் வெளியாட்களுக்குக் கொடுக்காதாம். அதைச் சொல்லும்போது அவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்; பிறகு மாமியிடம் மன்னிப்புக் கேட்டார். "சரியான வார்த்தைதான்" என்றாள் மாமி.

லேப்டாப்பை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை. லீவை நீட்டித்து, இரண்டு நாள் அந்த மாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கீழே எவர்சில்வர் குடங்களை இறக்கி ஏற்றும் சத்தம். முதலில் சிப்பில் மிச்சம் இருந்ததை நகல் எடுத்தார். லேப்டாப்பின் அடையாள எண் அதில்தான் இருக்கிறதாம். நிறுவனத்தின் இணையதளத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் புதுப்பிப்புக் கோப்பைப் பிரித்து, தேவையான பகுதியை எடுத்து எழுதினார். எழவில்லை. வேறொரு பதிப்பை எழுதினார். எழவில்லை. மறுநாள் மத்தியானம் மூன்றாவது முறை எழுதியபோது, மின்விசிறி நிற்காமல் சுற்றியதை அவர் சொல்வதற்கு முன்பே நான் கேட்டேன்.

ஆனால் பேச்சு வரவில்லை. நீலத் திரையில் நாற்பத்தெட்டு இலக்க எண் கேட்கிறது என்றார் அவர். டிஸ்கின் பூட்டைத் திறக்கும் எண் அது. என் இணையக் கணக்கில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. இயர்போனை மாட்டிக்கொண்டு போனை வாசிக்கவிட்டு, ஆறு ஆறாகச் சொன்னேன்; அவர் தட்டினார். நடுவில் ஒரு இடத்தில் தப்பாகி, முதலிலிருந்து தொடங்கினோம்.

பிறகு அந்தப் பழக்கமான குரல் என் பெயரைச் சொல்லிக் கடவுச்சொல் கேட்டது. குறிப்புகள் எல்லாம் இருந்தன. பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று மட்டும் இப்போது சரியாகக் காட்டுவதில்லை.

நான்கு நாள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மிக மரியாதையான குரல். என் புகாரை முடித்து வைக்கப் போகிறார்களாம்.

"காரணம் என்ன எழுதுவீர்கள்?"

"பயனர் தவறு, மேடம்."

"பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை என்று எழுதுங்கள்."

"அதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை, மேடம்."

அன்று சாயங்காலமே நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதினேன். கையெழுத்தில்லாத பக்கம் ஒன்று இருந்ததை மாமி கண்டுபிடித்தாள். ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியதும் அவள்தான். ஒரு சர்வீஸ் ஆளை இந்த ஊரில் வைக்க முடியாத அந்த நிறுவனம், ஆணையத்தின் நோட்டீஸ் போன சில நாளிலேயே இந்த ஊரில் ஒரு வக்கீலை வைத்துவிட்டது. அடுத்த மாதம் விசாரணை. லேப்டாப்பில் அந்தப் பெயரில்லாத பொத்தான் ஜன்னலைத் திறந்து காட்டி, அது எனக்கு என்ன சொல்கிறது என்று எல்லோரையும் கேட்க வைக்கப் போகிறேன். மாமியும் வருகிறேன் என்கிறாள். அங்கே கத்தக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.