பத்தரை மணித்தியாலத் தூரம்

இரண்டு வருடங்களுக்கு முன்னர், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நவம்பரில், கிண்ணியாவில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

என் தம்பி லண்டனில் இருக்கிறான். அங்கிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய எட்டாயிரத்து எழுநூறு கிலோமீற்றர். நேரடி விமானம் என்றால் பத்தரை மணித்தியாலம். உம்மா அவனை நினைத்துக் கண் கலங்கும்போதெல்லாம் நான் போனில் இந்தக் கணக்கைக் காட்டித் தேற்றுவேன். “கொழும்புக்குப் போற பஸ்ஸுக்கே ஏழு மணித்தியாலம் வேணும். அப்ப எண்ட மகன் பக்கத்திலதான் இரிக்கான்” என்று உம்மாவும் சிரித்துவிடுவார்.

அந்த மழையில் உம்மாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் என் கையைப் பிடித்து, “தம்பிக்குச் சொன்னியா மகள்? அவன ஒருக்காப் பார்த்தாக் காணும்” என்றார். நான் சொல்லியிருக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னர்தான் வந்து போனவன், மறுபடி லீவுக்கு அல்லாடுவான், நிலைமை மோசமானால் கூப்பிடுவோம், பத்தரை மணித்தியாலம்தானே என்று என் பாட்டில் முடிவெடுத்திருந்தேன். எல்லாம் எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் எனக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல். “சொன்னன் உம்மா, வருவான்” என்று வாய் கூசாமல் பொய்யும் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை, சுபஹ் தொழுகை நேரம், உம்மா மூச்சு அடங்கி மௌத்தாகிவிட்டார்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். உம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததே தெரியாதவனுக்கு முதலில் ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு, “ராத்தா, நான் வரும்மட்டும் வெச்சிரிங்க” என்று கதறினான். எங்களில் மையித்தை அப்படி வைத்திருப்பதில்லை, அன்றைக்கே அடக்கிவிடுவோம். இரவுக்குள் வந்துவிடுவான் என்று உம்மாவின் தம்பியான எங்கள் மாமாவிடம் மன்றாடினேன். மாமா நிதானமாக விசாரித்தார். அவனுக்கு டிக்கெட் கிடைத்தது அன்றிரவு விமானத்துக்குத்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகும் மழை வெள்ளத்தில் ஏழு மணித்தியாலம் வேனில் வர வேண்டும். என் கணக்கில் இவை எதுவுமே இருக்கவில்லை. “நாளைக்குப் பொழுதுபட்டு மஃரிபுக்குத்தான் வருவான் மகள். அதுமட்டும் வைக்க ஏலா” என்றார் மாமா.

கடைசியில் தம்பியே திரும்ப எடுத்து, அடக்கிவிடுங்கள் என்றான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மாவின் ஜனாஸாவைத் தூக்கினார்கள்.

அடுத்த நாள் வந்து இறங்கியவன் நேரே உம்மாவை அடக்கிய மையவாடிக்குப் போனான். நனைந்துபோய் வீட்டுக்கு வந்து, உம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து, “உம்மா என்னக் கேட்டாவா?” என்றான். பொய் சொன்னது உட்பட எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவன் என் தலையைத் தடவி, “அழாதீங்க ராத்தா” என்றான்.

இன்றும் கிழமைக்கு இரண்டு தடவை எடுத்து, சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்று அன்பாகத்தான் விசாரிக்கிறான். ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவை அவன் என்னோடு சண்டை பிடிக்க மாட்டானா என்று, ஒவ்வொரு முறையும் போனை வைத்த பிறகு ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.