ஹரிஹரய்யர் அடைத்த விரிசல்

ஹரிஹரய்யர் போய்விட்டார் என்று சேவகன் வந்து சொன்னபோது நான் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "போய்விட்டார் என்றால் எங்கே?" என்று சிடுசிடுத்தேன். அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். காலையில் பல் தேய்க்கக் கிணற்றடிக்குப் போனவர் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாராம். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, எரிச்சல்தான். நாற்பது நாளாக எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை. சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போவது அவருக்குப் பழக்கம்தான், அதற்காக இப்படியா போவது?

மராமத்து ஆபீஸில் அவரோடு இருந்த உங்களுக்கெல்லாம் படம் வரைகிற அவருடைய கை தெரியும். பாலமோ மதகோ, அவர் இழுத்த கோட்டில் ஒரு மயிரிழை பிசகு இராது. அதே கை, ஊருக்கு வெளியே வேளிக் காயலில் எங்கள் பாய்மரப் படகுக்குச் செய்த அட்டூழியம் எனக்குத்தான் தெரியும். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார என்ஜினீயர் எங்கள் இருவர் தலையிலும் கட்டிவிட்டுப் போன சின்னப் படகு அது. அவர் பாயைப் பிடிப்பார். நான் சுக்கானைப் பிடிப்பேன். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. தெப்பக்குளத்தில் கடைசிப் படியைத் தாண்டி நான் இறங்கியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காயலில் யாரோ வலை கட்ட நட்டிருந்த பாக்குமரக் குற்றியில் படகு இடித்தது. முன்பக்கத்துப் பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். நான் சுக்கானைத் திருப்பியது தப்பு என்பார் அவர். குற்றி இருக்கிறது என்று அவர் சொல்லாதது தப்பு என்பேன் நான். அது போகட்டும். கரையில் அந்தோணி ஆசாரி என்று ஒரு படகுத் தச்சர் இருந்தார். அவரிடம் விட்டிருந்தால் ஒரு நாள் வேலை. ஹரிஹரய்யர் விடவில்லை. "சாரமில்லை ஓய். நம்ம படகிலே நாமதான் கை வைக்கணும்" என்றார். பரவாயில்லை என்று நாம் சொல்லுமிடத்திலெல்லாம் அவர் மலையாளத்தில் 'சாரமில்லை' என்பார். அந்த வார்த்தையைக் கேட்டாலே ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

விரிசலில் பஞ்சைத் திணித்து, அதன்மேல் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூச வேண்டும். இது காயற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். எண்ணெய் என்றால் மீனெண்ணெய். அங்கேதான் வந்தது வினை. "எங்காத்துலே சாளக்கிராம பூஜை. அந்தக் கையாலே மீனெண்ணெயைத் தொடறதாக்கும்? எண்ணெய்க்கு எண்ணெய், எதுவானா என்ன?" என்று சாலைக் கடைத்தெருவில் குங்கிலியம் வாங்கி, வீட்டு இருப்புச்சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டுக் காய்ச்சினார். தெரு முழுவதும் கோயில் வாசனை. பூசியது வெயிலில் உருகிற்று, நிழலில் பிசுபிசுத்தது, இறுகவே இல்லை. அடுத்த வாரம் நல்லெண்ணெய். அதற்கும் அடுத்த வாரம், நல்ல வீட்டுப் பசுநெய்! யுத்தகாலத்தில், காப்பிக்குச் சர்க்கரை கிடைக்காமல் நாம் தவித்துக்கொண்டிருந்தபோது, படகு நெய் குடித்தது.

அந்தோணி ஆசாரி வந்து முகர்ந்து பார்த்தார். "மீனெண்ணெய் இல்லாதெ குங்கிலியம் பிடிக்கில்ல சாமி. இனி கொஞ்சம் வெல்லமும் இடணும், பாயசம் ஆகும்" என்றார். நான் சிரித்தேன். ஹரிஹரய்யர் சிரிக்கவில்லை.

நெய்ப்பூச்சோடு காயலுக்குள் போனோம். என்ன சொல்லி நான் சம்மதித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. பாதி தூரத்தில் விரிசல் வாயைத் திறந்தது. தண்ணீர் கணுக்காலுக்கு ஏறிற்று. சுக்கானை அவரிடம் விட்டுவிட்டு, படகில் கிடந்த கொட்டாங்கச்சியால் கோரிக் கோரி இறைத்தேன். இவர் பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, "நல்ல காத்து ஓய்! நிறுத்தாமெ கோரும். திரும்பறதுக்கு மனசே வரல்லை" என்கிறார்! தோள் கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. கரையில் கால் வைத்ததும் நான் வெடித்தேன்.

"உம்ம ஆசாரம் பெரிசா, என் உயிர் பெரிசா? மீனெண்ணெயைத் தொட்டா உம்ம கைதான் நாறும். தொடாட்டா நான் நாறுவேன், நாலு நாள் கழிச்சு இதே கரையிலே!"

அவர் முகம் சுருங்கிற்று. வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதன்பின் பக்கத்து மேஜையில் இருந்துகொண்டே காகிதங்களைச் சேவகன் மூலம் அனுப்பிக்கொண்டோம். நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள் என்பதும் தெரியும். கடைசி வாரத்தில் ஒரு நாள் அவரே என் மேஜைக்கு வந்து, "ஓய், ஞாயித்துக்கிழமை வேளிக்கு வரீரா?" என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தவில்லை. சற்று நின்றுவிட்டு, "சாரமில்லை" என்று போனார். அதை நினைத்தால் இப்போது என் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் புறப்பட்ட பிறகு, அவர் மனைவி, நான் மன்னி என்று கூப்பிடுகிறவள், என்னைக் கூடத்தில் நிறுத்தினாள். அழுது ஓய்ந்த முகத்தில் கோபமும் இருந்தது.

"விசு, உங்க ரெண்டு பேருக்கும் அந்தப் படகு என்னத்துக்கு? மூணு ஞாயித்துக்கிழமை ஒரே மீன் நாத்தத்தோட வந்து நின்னார். கொல்லைக் கிணத்தடியிலே சீயக்காய் போட்டுத் தேச்சும் போகல்லை. பூஜையை என் தம்பியைப் பண்ணச் சொல்லிட்டு, தான் ரேழியிலே தள்ளி உக்காந்துண்டார். ஏன் இந்தக் கண்ணராவின்னு கேட்டேன். 'விசுவுக்கு நீச்சல் தெரியாதுடீ'ன்னார். வேறே ஒண்ணும் சொல்லல்லை."

நான் படியிறங்கினேன்.

மறு ஞாயிறு தனியாக வேளிக்குப் போனேன். பலகையில் விரிசல் இருந்த இடத்தில், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி, பழுப்பாக ஒரே கோடு. நகத்தால் கீறினேன், கல். அந்தோணி ஆசாரியிடம் காய்ச்சுகிற பக்குவத்தை மட்டும் கேட்டுக்கொண்டு, அவரைத் தொடவிடாமல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஹரிஹரய்யர் தாமே பூசினாராம். ஆசாரி பாயையும் சுக்கானையும் பிடிக்க, காயலை ஒரு முறை சுற்றி வந்தோம். நான் அன்று உட்கார்ந்து இறைத்த இடத்தில், கையில் கொட்டாங்கச்சியோடு, எப்போது ஊறும் எப்போது ஊறும் என்று காலடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு ஊறவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பூசிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன, ஓய்? நான் தலையை நிமிர்த்தாவிட்டால் மேஜையைத் தட்டியாவது சொல்லக் கூடாதா?

படகை மன்னியின் தம்பி எடுத்துக்கொள்ளட்டும். கொட்டாங்கச்சியை நான் கொண்டுவந்துவிட்டேன். ஆபீஸில் என் மேஜைமேல், அவர் மேஜையைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே ஈரமே இல்லை.