ஜன்னல் வெயிலில் காயவைத்த தட்டுகள்

இன்குபேட்டரைத் திறந்து பார்த்தேன். பாக்டீரியா வளர்க்கும் பெட்ரித் தட்டு ஒன்றிலும் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. "ஐயோ, செத்துப்போச்சே!" என்று கத்தியேவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பெங்களூரில் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே போனால் பாக்டீரியாவின் டிஎன்ஏ உடையும். சாதாரண பாக்டீரியா உடைந்த இடத்தைக் கண்டுபிடித்து, இன்னொரு பிரதியைப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுவேலைக்கான மரபணுவை நீக்கி, வருஷக்கணக்காகப் பாடுபட்டு ஒரு வகையை உருவாக்கியிருந்தேன். கரண்ட் போய் ஃப்ரீசர் உருகியதில் அதைச் சேமித்திருந்த எல்லாக் குழாயும் பாழ். மிஞ்சியது ஒன்றே ஒன்று; அதிலிருந்து எடுத்துத் தேய்த்த தட்டுகள்தான் இவை. அதுவும் செத்திருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க உதவித்தொகைக் காலம் போதாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகவேண்டியதுதான்.

லேபில் என் பக்கத்து மேஜைக்காரி பெங்களூரிலேயே வளர்ந்த விவேக் நகர்ப் பெண். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

"ஒப்பாரி வைக்காதடி. குழாய் அடியில கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும், சுரண்டு."

"காஞ்ச தட்டு தீந்துபோச்சு. ஈரத் தட்டுல தேச்சா புள்ளியெல்லாம் ஒண்ணாக் கலந்துடும்."

"மகாராணிக்கு இப்ப அதுவா கவலை? உயிர் இருக்கான்னு பாரு மொதல்ல!"

தட்டில் சத்துக்கூழை ஊற்றி, அது உறைந்ததும் கிழக்கு ஜன்னல் வெயிலில் வடாம் மாதிரி பரப்பிக் காயவைப்பது எங்கள் லேப் வழக்கம். பெங்களூர் ஈரத்துக்கு வேறு வழியில்லை. அன்று அலமாரிக்குள் கிடந்த, வெயிலே படாத ஒரு தட்டில் வேண்டாவெறுப்பாகத் தேய்த்தேன்.

மறுநாள் அது முளைத்திருந்தது. அலங்கோலமாகத்தான், ஆனால் உயிரோடு! சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை. அதே குழாய், அதே கூழ், அதே கை. வெயிலில் காயவைக்காதது ஒன்றுதான் வித்தியாசம்.

நம்பமுடியாமல் மறுபடி செய்தோம். வெயிலில் காய்ந்த தட்டில் என்னுடையது துடைத்தாற்போல் செத்தது, இருட்டில் காய்ந்ததில் வளர்ந்தது. சாதாரண பாக்டீரியா இரண்டிலும் மதமதவென்று வளர்ந்தது.

என் ஆய்வு வழிகாட்டியான மேடம் பழைய பெங்களூர்த் தமிழ்க் குடும்பம். அதிர்ந்தால் கன்னடம்தான் முதலில் வரும்.

"ஏனு இது! என்னம்மா இது!" என்று தட்டைப் பிடுங்கிப் பார்த்தார். "கூழ்ல வைட்டமின் இருக்கும்மா. அதுமேல வெளிச்சம் பட்டா பெராக்சைடு உண்டாகும்னு படிச்சிருக்கேன். நம்ம ஜன்னல்லயேன்னு தோணாமப் போச்சே!"

என் பாக்டீரியா பிழைத்துவிட்டது, நானும் பிழைத்தேன். ஆனால் என் கண் சாதாரண பாக்டீரியா இருந்த தட்டைவிட்டு நகரவில்லை. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் அந்த ஜன்னலில் காயவைத்த தட்டெல்லாம் விஷத் தட்டுகள். அவற்றில் இந்தச் சாதாரண பாக்டீரியாக்கள் உடைந்து உடைந்து ஒட்டிக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. நாங்கள் பார்த்துவிட்டு, நன்றாக வளர்ந்திருக்கிறது என்றோம். ஒட்டத் தெரியாத என்னுடையதுதான் செத்துக் காட்டியது.