ரூபாயா டாங்கா என்று கேட்ட மெஷின்

ராசாத்தி கருவியை வாங்கிவிட்டார். தகவல் வியட்நாமிலிருந்து அவரிடமிருந்தே வந்தது. நேற்று மாலை வாட்ஸ்அப்பில் ரசீதின் படம், கூடவே ஒரு குரல் பதிவு.

"அண்ணா, கார்டு போட்டதும் ரூபாயா டாங்கான்னு கேட்டுச்சுங்க. நீங்க சொன்னாப்பல டாங்கத்தான் அமுக்குனேன். பயப்படாதீங்க."

டாங் என்பது அந்த ஊர்ப் பணம். நான் பயப்படக் காரணம் உண்டு. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அதே வியட்நாமில், இப்படி ஒரு மெஷின் கேட்ட இதே கேள்விக்குத் தப்பான பதிலைச் சொன்னவன் நான்.

அந்த ஏ.டி.எம். அறையின் குளிர் இன்னும் நினைவிருக்கிறது... வெளியே புழுக்கமும் மீன் பொரிக்கும் வாசனையும். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் ஏற்காட்டின் மார்கழிக் காலை.

காப்பிக் கண்காட்சி ஒன்றைப் பற்றி எழுத, பத்திரிகை என்னை ஐந்து நாள் அனுப்பியிருந்தது. முதல் வெளிநாட்டுப் பயணம். சேதி தெரிந்ததும் எங்கள் மலையில் உள்ள மாரமங்கலம் கிராமத்திலிருந்து ராசாத்தி பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். அங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று காப்பி வைத்திருக்கும் பத்துக் குடும்பங்கள் சேர்த்த பணம் அவர் கையில் இருந்தது. காப்பிக்கொட்டை எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று எண்ணில் காட்டும் சின்னக் கருவி ஒன்று வேண்டும். கண்காட்சியின் கடைசி நாளில், காட்சிக்கு வைத்ததையே மலிவாகக் கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"வியாபாரி ஒரு கொட்டையக் கடிச்சுப் பாத்துட்டு ஈரம்ங்கறாருங்க. மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கறாரு. அவரு பல்ல எதுத்துப் பேச நம்மகிட்ட என்னங்க இருக்குது?"

பணத்தை என் வங்கிக் கணக்கில் போட்டேன். அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது நாங்கள் நம்பியிருந்தது ஒரே ஒரு ஏ.டி.எம். எஸ்டேட் சம்பளம் விழும் சனிக்கிழமை மத்தியானத்துக்குள் காலியாகிவிடும். சேலத்திலிருந்து மறுபடி பணம் ஏறி வரத் திங்கட்கிழமை ஆகும். அதனால் ஒருவரே மொத்தமாக எடுத்தால் வரிசையில் குரல் எழும்... "ஏனுங்க, பொறகால நிக்கறவங்களுக்கும் கொஞ்சம் உடுங்க!" தேவைக்குக் கொஞ்சம் எடுப்பதுதான் மரியாதை. அது கையிலேயே ஊறிப்போன பழக்கம்.

அந்த மரியாதையை நான் வியட்நாமுக்கும் கொண்டுபோனேன்.

பின்னால் ஒருவர் வந்து நின்றாலே போதும், சின்னத் தொகையை அமுக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன். ஐந்து நாளில் பதினோரு முறை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த ஊர் மெஷினுக்கு ஒரு கட்டணம், என் வங்கிக்கு ஒரு கட்டணம். எவ்வளவு எடுத்தாலும் அதே கட்டணம்தான் என்பது எனக்குத் தெரியாது.

அத்தோடு அந்தக் கேள்வி. ரூபாயில் கணக்கிடவா, டாங்கிலா? அந்த ஊர்ப் பணத்தில் ஒரு சாப்பாட்டுக்கே ஐந்து இலக்கம் வரும். பூஜ்யங்களைப் பார்த்தாலே தலை சுற்றும். எண்ணைச் சரிபார்த்து எழுதுவது என் பிழைப்பு. தெரிந்த பணத்தில் தொகையைப் பார்ப்பதுதான் சரி என்று நினைத்துப் பதினோரு முறையும் ரூபாயை அமுக்கினேன். அதற்காக மெஷின் தன் இஷ்டத்துக்கு ஒரு மட்டமான மாற்று விகிதம் போட்டிருந்தது. அது கீழே பொடி எழுத்தில் இருந்தது. படித்திருக்கலாம்.

கடைசி நாள், கருவி நிஜமாகவே மலிவாகக் கிடைத்தது. ரொக்கம் மட்டும். கையில் இருந்ததை எண்ணினேன். கணக்கில் மிச்சம் இருந்ததையும் எடுத்துவந்து சேர்த்தேன். போதவில்லை. கடைக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

ஊர் திரும்பி மாரமங்கலம் போய் நடந்ததைச் சொன்னேன். ராசாத்தி முழுசாகக் கேட்டார்.

"ஏனுங்ண்ணா, மெஷின் வாங்கியாரச் சொன்னா, காசையெல்லாம் மெஷினுக்கே குடுத்துட்டு வந்துட்டீங்களே!"

காப்பி காயவைக்கும் களத்தில் சிரிப்பு. நானும் சிரித்தேன். குறைந்த பணத்தை அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்த வருடக் காப்பி மறுபடியும் பல்லுக்குத்தான் போனது. பிறகு சேலத்தில் ஒரு கருவி வாங்கினார்கள். அது நெல்லுக்கானது, காப்பிக்கு ஒத்துவரவில்லை.

இந்த முறை சிறு விவசாயிகள் குழுவோடு கண்காட்சிக்குப் போயிருப்பது ராசாத்தியே. கிளம்புவதற்கு முன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்தோம். வெளிநாட்டுச் செலவுக்குக் கூடுதல் கட்டணம் பிடிக்காத கார்டு ஒன்றை விசாரித்து முன்பே வாங்கியிருந்தார். வெளிநாட்டில் செல்லும்படி அதைப் போனிலேயே திறந்துவிட்டோம். விமான நிலையத்தில் பணம் மாற்ற வேண்டாம். ரொக்கம் எடுத்தால் ஒரே தடவையில் எடுக்கணும். எங்கே கேட்டாலும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்கணும் என்றேன்.

"பொறகால ஆளு நின்னா?"

"நிக்கட்டும்மா."

"நல்லா ஞானம் வந்துருச்சுங்க உங்களுக்கு," என்றார்.

டீக்குக் காசு போனிலேயே போனது. எங்கள் ஏ.டி.எம். வாசலில் இப்போது வரிசை கிடையாது. பின்னால் நிற்பவர்களுக்கும் விடச் சொல்லும் அந்தக் குரலைக் கேட்டுப் பல வருடம் ஆகிறது... அதைக் கேட்டால் எரிச்சல் வந்த நாட்களும் உண்டு.

வங்கி எந்த விகிதத்தில் பணத்தைப் பிடித்தது என்பது இன்னும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கணக்கில் ஏறிவிடும் என்கிறார்கள். ராசாத்தி சனிக்கிழமை பெங்களூரில் இறங்கி, மறுநாள் அடிவாரத்தில் பஸ் பிடித்து மேலே வருகிறார். களத்தில் முதல் பறிப்பு காய்ந்துகொண்டிருக்கிறது.

வியாபாரி திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் பல் சொல்வதும் கருவி சொல்வதும் ஒன்றுதானா என்பது அன்றைக்குத் தெரியும்.