மலைக்குப் போகப் பழகிய ஞாயிறுகள்

அப்பா எங்களை மலைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். சிவனொளிபாதமலையா, மலைமேலிருக்கும் ஹோட்டன் சமவெளியா என்பது மட்டும் முடிவாகவில்லை. எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஐந்து. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் வளர்ந்த நான் மலையைக் கலண்டரில் மட்டுமே பார்த்திருந்தேன். எந்த மலையானாலும் எனக்குச் சம்மதம்.

மலையேறப் பழக வேண்டுமென்று ஞாயிறுதோறும் எங்கள் முதுகில் பையை மாட்டிவிட்டு அப்பா நடத்திக்கொண்டு போவார். கப்பல் கொம்பனியில் கிளாக்கர். அவருக்கு எதற்கும் ஒரு விதி வேண்டும். பை முதுகோடு ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர்ப் போத்தல் கைக்கு எட்ட வேண்டும். ஒரு மாற்றுடுப்பு, ஒரு பிஸ்கட் பக்கற், கழுத்தில் விசில். மலையில் தேவைப்படாத எதையும் சுமக்கக் கூடாது.

"துலைஞ்சா நிண்ட இடத்திலயே நிண்டு ஊதோணும். தேடி வாறது என்ர வேலை" என்பார்.

ரயில் பாதையோரமாகத் தெற்கே நடப்போம். வலப்பக்கம் கடல். வெயில் ஏறாத அந்தக் காலை நேரத்தில் தண்டவாளமும் தண்ணீரும் ஒரே நிறத்தில் கிடக்கும். நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியாது. தம்பி சிலிப்பர் கட்டைகளை எண்ணிக்கொண்டு வருவான். பதினாறுக்குப் பிறகு மறுபடி ஒன்று.

கல்கிசையில் அப்பாவோடு கந்தோரில் வேலை செய்த நண்பரான சிங்கள மாமா வீட்டில் நடை முடியும். மாமி பாற்சோறும் கட்டைச் சம்பலும் தருவார். சாப்பிட்ட பிறகு இன்னொரு பயிற்சி. யார் கூப்பிட்டாலும் பின்னறையில் சத்தமில்லாமல் படுத்திருக்க வேண்டும். மலையில் இது எதற்கென்று கேட்டேன்.

"கூடாரத்துக்கு வெளியில சிறுத்தை வந்தா?" என்றார் அப்பா.

அம்மா மட்டும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சமையலை யார் பார்ப்பது என்பார்.

என் பையின் அடியில் பிளாஸ்ரிக்கில் சுற்றிய கடித உறை ஒன்று இருந்தது. அதன் மூலை முதுகில் குத்தும். ஒரு ஞாயிறு அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சிப்பி பொறுக்க ஒரு பால்மாப் பேணியை வைத்தேன். மலையில் கடிதம் எதற்கு? விதிப்படிதான் நடந்தேன்.

கல்கிசையில் பைகளைச் சோதித்த அப்பா, என் பையை இரண்டு தரம் கவிழ்த்தார்.

"எங்க மகள் அந்த என்வலப்?"

"குத்துது அப்பா. வீட்டில வச்சிட்டன்."

அடிப்பார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மாமா பக்கத்தில் வந்து அவர் முதுகைத் தடவிச் சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எங்கட பிறப்புச் சேட்டிபிக்கட் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. வேற எதை விட்டாலும் அதை விடாத மகள்."

மலையேறுவதற்குப் பிறந்திருப்பது மட்டும் போதாது, அத்தாட்சியும் கேட்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் பிழையால் பயணம் நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில் அந்த வாரம் முழுவதும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பிறகு ஒரு வார நாள். மத்தியானமே அப்பா கந்தோரிலிருந்து ஓடிவந்தார். சட்டை நனைந்திருந்தது. காலி நகருக்குப் போகும் பெரிய வீதிப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"பையை மாட்டுங்கோ."

முதல் வேலையாக உறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இருந்தது. தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இண்டைக்கு மலைக்கா அப்பா?"

"ஓம்" என்றார் அப்பா.

அன்று அம்மாவும் வந்தார். பொட்டை அழித்திருந்தார். கதவைப் பூட்டிவிட்டுப் படலை வரை வந்தவர், திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். கடல் வழக்கம்போல வலப்பக்கம் மினுங்கிக்கொண்டிருந்தது. தம்பி பதினாறு வரை எண்ணினான். ஒருவரும் தொலையவில்லை. விசிலுக்கு வேலையே வரவில்லை.

மாமா வீட்டுப் பின்னறையில் சத்தமில்லாமல் படுத்தோம். பொழுது சாயுமுன் வாசலில் பல ஆண்குரல்கள். இங்கே தமிழர் ஒருவரும் இல்லையென்று மாமி சிங்களத்தில் சொல்வது கேட்டது. "சிறுத்தை" என்று தம்பியின் காதுக்குள் சொன்னேன். அவன் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டான். இருவரும் பரீட்சையில் பாஸ் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மாவுக்குத்தான் முடியவில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்தும் விம்மல் வெளியே வந்தது. எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு ஞாயிறாவது எங்களோடு பயிற்சிக்கு வந்திருக்கலாம்.